மன்னிப்புக் கடிதங்களின் மேல் ஏறி நின்றவர்

திங்கட்கிழமை காலையில் பேராசிரியரின் அறையைத் திறந்ததும் என் முதல் வேலை, ஒரு தாளை அச்சிட்டு அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவது. போன வாரத்துத் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். தாளில் இருப்பது அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே ஓர் எண். வேறு எத்தனை ஆய்வாளர்கள் தங்கள் எழுத்தில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் அது. கடைசியில் எல்லாவற்றுக்கும் கூட்டுத்தொகை. பேராசிரியர் ஒன்பதரை மணிக்கு வருவார். பையை நாற்காலியில் வைப்பார். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்காராமலே குனிந்து, கூட்டுத்தொகையைத்தான் முதலில் பார்ப்பார். எண் ஏறியிருந்தால் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். ஏறாமல் நின்றிருந்தால், பிரிண்டரில் மை ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்பார். ஐந்து வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். நான் சாப்பிட்டேனா என்பதில் வேறு எந்தக் கிழமையிலும் அவருக்கு அக்கறை வந்ததாக நினைவில்லை.

அவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மாணவர்கள் சேர்ந்து பாராட்டு மலர் கொண்டுவருகிறார்கள். பேராசிரியரைப் பற்றி இனிய நினைவு ஒன்று, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தாருங்கள் என்று எனக்கும் கடிதம் வந்தது. மலர்க் குழுவில் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள், பாவம், எனக்கும் அவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எழுத உட்கார்ந்தேன். இனிய நினைவு என்று ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றவை இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை, மலரிலும் போட மாட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பேராசிரியரின் துறை தடயவியல் உளவியல். போலீஸ், விசாரணை, நீதிமன்றம் என்று வருகிற இடங்களில் மனிதர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள், எதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள், ஒப்புக்கொண்டது உண்மைதானா என்றெல்லாம் ஆராய்கிற துறை அது. பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். நான் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டையை நம்பிக் கட்டிய வரிசை வீடு ஒன்றில் வளர்ந்தவள். முதுகலை முடித்த கையோடு அவரிடம் கள உதவியாளராகச் சேர்ந்தேன். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸுக்குள் நசுங்கி, தினமும் எல்லை தாண்டிப் போய் வந்தேன்.

அப்போது அவருக்கு ஒரு கவலை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலங்கள் நிறைய வேண்டும். போலீஸ்காரர்கள் தரவில்லை. ஜெயிலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் தப்பு செய்கிறவர்களிடம் எழுதி வாங்குகிற மன்னிப்புக் கடிதங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன என்று சொன்னேன். யோசனை என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் அவரை நான் திட்டப் போகிற ஒவ்வொரு திட்டிலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

தொழிற்சாலைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என் தாய்மாமா. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் ரூம் அவர் பொறுப்பு. நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கம்பெனிச் சட்டை போட்டவர். எங்கள் தெருவில் ஆயுத பூஜை அன்று எந்த வீட்டு வண்டிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் கைதான், அப்படி ஒரு மரியாதை. கடிதம் எழுதிய ஒவ்வொரு தொழிலாளியிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, நீங்கள் என்றோ எழுதிய மன்னிப்புக் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? மாமா பக்கத்தில் நின்று, "நம்ம பொண்ணுதான், படிக்கறதுக்கோசரம் கேக்குது, குடு" என்பார். கொடுத்துவிடுவார்கள். அவர்கள் நம்பியது என்னை அல்ல, அவரை. ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கடிதங்கள் சேர்ந்தன.

பேராசிரியர் தொழிற்சாலைக்கு ஒரே ஒரு முறை வந்தார். கைக்குட்டையை விரித்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கேண்டீனில் கொடுத்த கேசரியை ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோய், என்ன நினைத்தாரோ, திரும்ப வைத்துவிட்டார். பிரஸ் ஷாப் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் நடந்தார். மாமா எதையோ விளக்க முயன்றபோது, "அப்படியா, நல்லது, நல்லது" என்று வாட்சைப் பார்த்தார். சாயங்காலப் போக்குவரத்துக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் அவருக்கு. பின்னாளில் அச்சான கட்டுரையில் அந்தக் கால் மணி நேரத்துக்கு 'நீண்ட களப்பணி' என்று பெயர்.

கடிதங்களை நான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். தமிழ் பேசுவாரே தவிர, கையெழுத்துத் தமிழைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பொய்யான வாக்குமூலங்களும் வேண்டுமே. அதற்கும் ஏற்பாடு செய்தோம். டீ இடைவேளையில் தொழிலாளர்களை உட்காரவைத்து, செய்யாத ஒரு தப்பைச் செய்ததாகக் கற்பனை பண்ணி எழுதச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கிறுக்கிக் கொடுத்தார்கள். நாலு வரி, ஐந்து வரி. இரண்டு குவியலையும் பக்கத்தில் வைத்தபோது பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையான கடிதங்கள் எல்லாவற்றிலும் நேரம் இருந்தது, இயந்திரத்தின் எண் இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது இருந்தது, அந்த நிமிஷத்தில் மனசில் என்ன ஓடியது என்பதுகூட இருந்தது. முடிவில் குடும்பம். கற்பனைக் கடிதங்களில் இதெல்லாம் இல்லை. உண்மையாகத் தப்பு செய்தவன் மனம் இந்த வரிசையில்தான் பேசும் என்றார். அந்த வரிசையை ஒரு பட்டியலாக்கினார். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மதிப்பெண். ஒரு கடிதத்தை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டால், எழுதியவன் சொல்வது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். அவ்வளவு சுலபம்.

விட்டுப்போன சில விவரங்களைக் கேட்க ஒரு நாள் கம்பெனியின் டைம் ஆபீஸுக்குப் போனேன். வருகைப் பதிவும் விடுப்பும் பார்க்கிற அலுவலகம். அங்கே ஒரு அண்ணன் இருந்தார். வீட்டில் தெலுங்கு, முதலாளியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். அவர் எதிரில் ஒரு இளைஞன் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தான். அண்ணன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதல்ல டைம் போடு. அப்பறம் மிஷின் நம்பர். பக்கத்துல யாரு இருந்தாங்கோ, அது போடு. அப்பறம், அந்த நேரத்துல என் மனசு இன்னா நெனச்சுதுன்னா, அப்பிடின்னு எழுது." இளைஞன், "நான் ஒடைக்கவே இல்லீங்ணா" என்றான். "யாருடா ஒடச்சேன்னு சொன்னது? எழுதிக் குடுத்தியா, மூணு நாள் ஊட்டுல இருந்தியா, வந்து கார்ட அடிச்சியா, அவ்ளோதான். எழுத மாட்டேன்னு நின்னியோ, என்கொயரின்னு ஆறு மாசம் கேட்டுக்கு வெளிய நிக்கணும். கடைசில குடும்பத்தப் போடு. அது இல்லன்னா மேல இருந்து திருப்பி அனுப்புவாங்கோ."

எல்லாக் கடிதமும் இப்படித்தானா அண்ணா என்று கேட்டேன். "பின்ன? இவனுங்களுக்கு லெட்டர் எழுதத் தெரியுமா?" என்றார், பெருமையாக. உண்மையில் அவர் செய்தது உபகாரம்தான். செய்தவனும் எழுதினான், செய்யாதவனும் எழுதினான். அப்போது மேலே இருந்த மேனேஜருக்கும் இது தெரியும். வேலைக்குத் திரும்ப உள்ளே போவதற்கான டோக்கன் என்பதற்கு மேல் அந்தக் கடிதத்துக்கு அங்கே யாரும் அர்த்தம் வைத்திருக்கவில்லை. அந்த டோக்கன்களைத்தான் பேராசிரியர் குற்றவாளியின் மனக் கதவு என்று எண்ணி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்த வரிசை குற்றவாளியின் மனசிலிருந்து வந்ததல்ல, காதில் பென்சில் வைத்த ஒரு குமாஸ்தாவின் வாயிலிருந்து வந்தது. எவன் பயந்துபோய்ச் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறானோ, அவனுக்கு அதிக மதிப்பெண்.

மறுநாளே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தினார். "நீ ஒரு கடிதம் எழுதறதைப் பார்த்தே. மத்ததையெல்லாம் பார்த்தியா?" என்றார். டைம் ஆபீஸ் அண்ணனே சொன்னார் என்றேன். "அவர் ஜம்பத்துக்குச் சொல்லுவார்ம்மா. தரவு பேசட்டும், நாம குறுக்கே பேசக் கூடாது" என்றார். இந்த வாக்கியத்தை அவர் வகுப்புகளில் அடிக்கடி சொல்வார், மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தரவு என்பது என்ன, நான் பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்த அட்டைப்பெட்டிதானே, அதற்கு ஏது வாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணமும் அடுத்த வாரமே கிடைத்தது. அதுதான் நான் சொன்ன அந்த ஒரே இனிய நினைவு. கட்டுரையில் கள உதவியாளரின் பெயரை நன்றி சொல்லும் வரியில் போட்டால் போதும் என்று துறையில் மற்றவர்கள் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டு, தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை ஆசிரியராகவே சேர்த்தார். அச்சில் அதைப் பார்த்த அன்று மூக்கண்டப்பள்ளி முழுக்க எங்கள் அம்மா சர்க்கரை கொடுத்தாள். மாமா அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தன் டூல் ரூம் அலமாரியில் ஒட்டிக்கொண்டார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. என் பெயரை மட்டும் யாரையோ கேட்டு அடிக்கோடிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் எல்லாம் எனக்குச் சாப்பாடு விசாரிக்கிற கிழமைகளாகிவிட்டன. எண் ஏறியது என்றால் அப்படி ஓர் ஏற்றம். ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் என்று ஊற்றுவது போல, அந்த ஒரே பெட்டியிலிருந்து வயது வாரியாக ஒரு கட்டுரை, ஷிஃப்ட் வாரியாக ஒரு கட்டுரை, தாய்மொழி வாரியாக ஒரு கட்டுரை என்று ஊற்றி எடுத்தார். புதிதாக எழுதும் ஒவ்வொன்றிலும் தன்னுடைய பழையவை எல்லாவற்றையும் மேற்கோள் காட்டுவார், அதுவும் கூட்டுத்தொகையில் சேரும். வேறு ஊர்களில் வேறு ஆய்வாளர்கள் அந்தந்தத் தொழிற்சாலைக் கடிதங்களை எடுத்துச் சோதித்தார்கள். அங்கேயும் பட்டியல் அப்படியே பலித்தது. பலிக்காமல் என்ன செய்யும்? அங்கேயும் ஒரு டைம் ஆபீஸ் இருக்கும், அதில் ஓர் அண்ணன் இருப்பார். பட்டியல் பயிற்சி வகுப்பானது. கம்பெனி அதிகாரிகளுக்கும் காவல் அதிகாரிகளுக்கும் பேராசிரியர் போய்ப் பாடம் எடுத்தார். பொன்னாடைகள் அலமாரியில் இடம் போதாமல் தரைக்கு வந்தன. நான் அந்தக் கட்டுரையின் பலத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன். அதே பலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. டைம் ஆபீஸில் பார்த்ததை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை, எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

சில வருஷங்கள் கழித்து மாமாவின் டூல் ரூமில் ஒரு பெட்டி கார்பைடு இன்செர்ட் காணாமல் போயிற்று. லேத்தில் இரும்பைச் சீவுகிற சின்னச் சின்ன வெட்டுமுனைகள், நகத்தளவு இருக்கும், ஆனால் விலை அதிகம். சாவி அவரிடம் இருந்ததால் அவரைத்தான் கேட்டார்கள். அவர் எடுக்கவில்லை. எடுக்கிற ஆள் இல்லை என்பது அந்தக் கம்பெனியின் சுவருக்கும் தெரியும். இருந்தாலும் வழக்கப்படி கடிதம் கேட்டார்கள், வழக்கப்படி டைம் ஆபீஸில் சொல்லச் சொல்ல அவரும் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, அந்த மூன்று நாளில் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார். ஆனால் பழைய மேனேஜர் போய், தலைமை அலுவலகத்திலிருந்து புதியவர் வந்திருந்தார். அவர் பேராசிரியரிடம் பயிற்சி பெற்றவர். கடிதத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டார். நேரம், எண், பக்கத்தில் நின்றவர், மனசில் ஓடியது, குடும்பம். ஒன்றும் குறையவில்லை. முழு மதிப்பெண். திருட்டை ஒப்புக்கொண்டது உளவியல்பூர்வமாக உறுதியாகிறது என்று விசாரணை அறிக்கையில் எழுதி, மாமாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அரைச் சுவர் வெள்ளையடித்தபடியே நின்றுபோனது. அந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தெருவில் அவரவர் வண்டிக்கு அவரவரே பழம் வைத்துக்கொண்டார்கள். மாமா பின்சந்து வழியாகப் போய் வர ஆரம்பித்தார்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அத்தை என்னிடம் வந்தாள். "நீ படிச்சவ பாப்பா. இதுல இன்னா போட்டிருக்கான்னு பாரு. எந்தப் பாவி எழுதின கணக்குல என் ஊட்டுக்காரர் திருடனாயிட்டாரு?" என்றாள். கடைசிப் பக்கத்தில் ஆதாரக் கட்டுரை என்று ஒரு வரி இருந்தது. பேராசிரியர் பெயர், பக்கத்தில் என் பெயர். பெங்களூரில் ஒருத்தர் எழுதியது, அத்தை என்றேன். பாதி உண்மை. அவள் அவர் குலத்தையே சபித்துவிட்டுப் போனாள். அந்தச் சாபத்தில் எனக்குச் சேர வேண்டியதை நான் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பட்டியல் தப்பு என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மாமா உள்ளே போய்விடுவார் என்று கெஞ்சினேன். உங்களுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டியவர்தான் என்று நினைவுபடுத்தினேன். அவருக்கு நினைவில்லை. "இப்பப் போய் அதை உருவினா என்ன ஆகும் தெரியுமா? எத்தனை பேர் அதுமேல கட்டிட்டாங்க!" என்றார். ஒரு மனுஷன் வேலை போகிறதே சார் என்றேன். ரொம்ப மெதுவாக, "உன் டாக்டர் பட்டமும் அதுமேலதான்மா நிக்குது. யோசிச்சு நட" என்றார். அந்தக் குரலில் மிரட்டல்கூட இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு நானே எழுதினேன். கடிதங்கள் எழுதப்பட்ட விதத்தைச் சொல்லி, முடிவுகள் செல்லாது என்றேன். நெடுநாள் இழுத்தடித்து என் கடிதத்தை ஒரு மூலையில் போட்டார்கள், எதிர்ப்பக்கத்தில் பேராசிரியரின் பதில். பதிலில் தன்னுடைய பழைய கட்டுரைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் மேற்கோள் காட்டியிருந்தார். மறுப்பு எழுத வேண்டுமென்றால் எதை மறுக்கிறோம் என்று குறிப்பிட்டாக வேண்டும் அல்லவா, ஆகவே நானும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தேன். அந்த வாரமே அவரிடமிருந்து செல்பேசியில் ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள். உன் பெயரில் ஒரு வெளியீடு கூடியது, எனக்கு ஒரு மேற்கோள் கூடியது." கீழே சிரிக்கிற முகம் ஒன்று. அந்த எண்ணுக்குப் புகழ்கிறவனும் ஒன்றுதான், காறித் துப்புகிறவனும் ஒன்றுதான். இரண்டையும் கூட்டிக்கொண்டு அது மேலே போகும். அப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முப்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தார், பொன்னாடையும் வாங்கினார்.

மாமா தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். டைம் ஆபீஸ் அண்ணன் அதற்குள் இறந்துபோயிருந்தார். வேலையில் இருக்கிற யாரும் சாட்சி சொல்லத் துணியவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடிதங்கள் சொல்லி எழுத வைக்கப்பட்டவை என்று சொல்ல மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். சொன்னேன். டைம் ஆபீஸில் கண்டதை அப்படியே சொன்னேன். கம்பெனித் தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கட்டுச் சீட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆய்வுக்கு எடுக்கும் ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு சான்றுச் சீட்டு இணைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எழுதியவரை நேரில் கேட்டேன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அவரே எழுதியது என்று உறுதி செய்கிறேன் என அச்சிட்ட வாசகம். கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், அதாவது நான் போய் உண்மையைச் சொன்ன பிறகு, பேராசிரியர் மொத்தச் சீட்டையும் என் மேசையில் வைத்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட இடத்தில் கொடுத்திருக்கிறார்.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்றார் வக்கீல். ஆமாம் என்றேன். "யாராச்சும் மிரட்டி வாங்கினாங்களா?" இல்லை என்றேன். "பின்ன எதுக்குப் போட்டீங்க?" போடச் சொன்னார், போட்டேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். "அப்போ, பொய்னு தெரிஞ்சே இத்தனை சீட்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." ஆமாம், தெரிந்தேதான் போட்டேன் என்றேன். நீதிபதி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். என் கல்லூரியில் விளக்கம் கேட்பார்கள், பட்டத்துக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அப்போது மனசில் இல்லை. மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சாட்சி சொல்ல வருகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். ராயக்கோட்டையில் பஸ் நின்றது. தக்காளிக் கூடைகளைக் கூரை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கேட்டார். "உன் பேரு அச்சுல வந்துச்சே, நான் ஒட்டி வெச்சனே, அன்னிக்கே தெரியுமா உனக்கு?" தெரியும் மாமா என்றேன். "சரி" என்றார். கீழே இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்தவர் முன்சீட்டில் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அத்தை மட்டும் வழியில் பார்த்தால் தலையாட்டுவாள்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. அந்தக் கடிதத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது, மாமாவைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. என்னிடம் விளக்கம் கேட்டுக் கல்லூரி அனுப்பிய கடிதம் இன்னும் மேசையில் இருக்கிறது, பதில் எழுதவில்லை. பேராசிரியரின் எண் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தீர்ப்பைப் பற்றி யாராவது ஆராய்ந்து எழுதினால் அதற்கும் ஒன்று ஏறும்.

மாமா வேலையில் சேரப் போன அன்று காலையில் நான் கல்லூரியில் முதல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செல்பேசியில் அவர் பெயர் வந்தது. பஸ் பயணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிடுகிறார். கேட்டிலிருந்து பேசினார், பின்னால் ஷிஃப்ட் வண்டிகளின் சத்தம். "பாப்பா, இனிமே ஒழுங்கா நடந்துக்கறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு உள்ள போன்னு சொல்றாங்கோ. நானா எழுதினா மறுபடி எங்கியாச்சும் மாட்டிக்கும். இன்னா எழுதணும்னு நீ சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். எழுத வேண்டியதே இல்லை மாமா, தீர்ப்பு இருக்கிறது, வக்கீலைக் கூப்பிடுகிறேன் என்றேன். "அதெல்லாம் வாணாம். ஷிஃப்ட் ஆரம்பிச்சிடும். நீ சொல்லு." என் வகுப்புக்கு மணி அடித்தது. வராந்தாவில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், அவர் ஒவ்வொரு வரியாக எழுதினார், இடையிடையே "ம், அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தபோது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே எழுதியது என்று கடைசியில் ஒரு வரி கேட்கிறார்கள், போடட்டுமா என்றார். போடுங்க மாமா என்றேன்.